சுவருக்கு முதுகு காட்டி ஓவியம் பார்த்தல்: பினாங்குக் கரையோரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் கடலை ஒட்டி ஓடும் சாலை வெல்ட் கீ. அதன் கடற்பக்கத்தில் சீனக் குலத்தார் மரத்தூண்கள்மேல் கட்டிக்கொண்ட படகுத்துறைக் குடியிருப்புகள். மறுபக்கத்தில் பழைய கிடங்குகள், கடைவீடுகள், சந்துகள். 2008இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2012இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக, லித்துவேனியாவில் பிறந்த எர்னஸ்ட் சகரேவிச் இங்குள்ள சுவர்களில் ஓவியங்கள் வரைந்தார். இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல் அன்று தொடங்கியது.

ஓவியத்தை முகத்தால் பார்ப்பதே உலக வழக்கம். இங்கு வரும் குடும்பங்களோ ஓவியத்துக்கு முதுகைக் காட்டி நின்று, சிரித்துவிட்டுப் போகின்றன. இதை அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. ஆர்மேனியன் தெருச் சுவரில் அக்கா சைக்கிள் மிதிக்கிறாள். தம்பி பின்னாலிருந்து அவளைக் கட்டிப்பிடித்து வாய் திறந்து கத்துகிறான். பிள்ளைகள் வெறும் வண்ணம். சைக்கிள் மட்டும் உண்மையான இரும்பு. ஆ குவீ தெருவில் பையன் வண்ணம், மோட்டார் சைக்கிள் நிஜம். சூலியா தெரு கடலை நோக்கி நீளும் இடத்துக்கு அருகே லூயி கான் வரைந்த அண்ணன் தங்கைக்கோ ஊஞ்சல் நிஜம். பாதி நிஜமாக இருக்கும் படம் மீதிப் பாதிக்கு ஆள் கேட்கிறது. குடும்பம் அந்த வேலைக்குத் தானாகவே வந்து சேர்கிறது.

சேரும் முறைகளில் மிகப் பரவலானது தள்ளுதல்: சைக்கிளின் பின்னால் நின்று, வியர்க்காமல் தள்ளுவதுபோல் குனிவது. தாத்தாக்கள் தள்ளுவதில்லை, கையைக் கட்டிக்கொண்டு வண்டிக்கு உரிமையாளர்போல் நிற்கிறார்கள். கைக்குழந்தை எங்கு உட்கார வைத்தாலும் அழுகிறது. அந்தப் படமே பிற்பாடு அதிகம் பகிரப்படுகிறது.

அப்படியானால் ஓவியத்தை யார்தான் பார்க்கிறார்கள்? கைபேசி பிடித்திருப்பவர் ஒருவரே சுவரை நோக்கி நிற்கிறார், பெரும்பாலும் அப்பா. அவரும் பார்ப்பது ஓவியத்தை அன்று. பெரியவள் கண் மூடியிருக்கிறாளா, சின்னவன் விரல் மூக்கில் இருக்கிறதா என்பதைத்தான். “தலை மறைக்குது, கொஞ்சம் தள்ளு” என்கிற அவர் குரலுக்கு வரிசையில் நிற்கும் அடுத்த குடும்பமும் சேர்த்துத் தள்ளி நிற்கிறது. இரவில் விடுதி அறையில், நால்வர் தலையும் ஒரு திரைமேல் முட்டும்போதுதான் தம்பியின் திறந்த வாயைக் குடும்பம் முதன்முதலாகக் கவனிக்கிறது. ஆக, ஓவியம் வரையப்பட்ட இடம் வேறு, பார்க்கப்படும் இடம் வேறு.

ஒப்பீட்டுக்கு இரும்புக் கம்பிக் கேலிச்சித்திரங்கள் உதவுகின்றன. நகரின் சுவர்களில் இவை 52 உண்டு. தெருக்களின் பழங்கதைகளை வேடிக்கையாகச் சொல்கின்றன. ஆனால் வாசகம் படித்தால்தான் சிரிப்பு வரும். பெற்றோர் படித்து முடிப்பதற்குள் பிள்ளை அடுத்த தெருவில் இருக்கிறது.

சியூ குலத்தாரின் படகுத்துறையில், ஓவியத்துக்கு முதுகு காட்டும் விதி குப்புற விழுகிறது. இங்கே சுவரில் இருந்த படகுப் பிள்ளைகளின் வண்ணத்தைக் கடற்காற்று மங்கடித்துவிட்டது. பார்க்க மிஞ்சுவது குடியிருப்போரின் வாழ்க்கை. நீர்மேல் இருப்பதால் நிலவரி கட்டாத வீடுகள், வாசலில் ஊதுவத்தி, சீனப் புத்தாண்டின் 9ஆம் நாள் பிறக்கும் நள்ளிரவில் வான தெய்வத்துக்குக் கரும்போடு படையல். இப்படிப்பட்ட இரு படகுத்துறைகள் 2006இல் இடிக்கப்பட்டன. எஞ்சியவற்றுக்குச் சுவரோவியம் கூட்டத்தையும் கொண்டுவந்தது, தொல்லையையும் கொண்டுவந்தது. சில வீடுகள் படம் எடுக்காதீர் என்று பலகை மாட்டியுள்ளன. பலகைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்போரும் உண்டு. அவர்களை இவ்வாய்வு வகைப்படுத்த விரும்பவில்லை.

பதின்பருவத்தினர் ஆய்வுக்கு ஒத்துழைக்கவில்லை. குடும்பத்துக்குப் பத்தடி பின்னால் நடக்கும் அவர்கள், சைக்கிள் அருகே நிற்கச் சொன்னால் நிற்பதில்லை. அனைவரும் நகர்ந்தபின் தனியாக வந்து நின்று எடுத்துக்கொள்கிறார்கள்.