நீலச்சட்டையும் நிலத்தடி நீரும்: சென்னையின் எஃப்சி ஜெர்சியின் பத்தாண்டுப் பரிணாமம் குறித்து ஒரு கொடியியல் ஆய்வு

கொடியியல் என்றதும் தேசியக் கொடிகளை ஆராயும் துறை என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இங்கே கொடி என்பது மேற்குத் தாம்பரத்தில் எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து டிஷ் ஆன்டெனாக் கம்பி வரை இழுத்துக் கட்டிய பச்சை நைலான் கயிறு. 2014 முதல் 2024 வரை சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் ஜெர்சிகள், எங்கள் வீட்டைப் பொறுத்தமட்டில், அதில்தான் காய்ந்தன. ஓர் அணியின் சட்டை எப்படியெல்லாம் மாறியது என்று எழுதுபவர்கள் ஆண்டுதோறும் வெளியாகும் விளம்பரப் படங்களை வரிசையாக அடுக்கிப் பார்ப்பார்கள். பெண் பார்க்கப் போன அன்று எடுத்த போட்டோவை வைத்து முப்பது வருஷத் தாம்பத்தியத்தை எடைபோடுகிற வேலை அது. சட்டை வீட்டுக்கு வந்த பிறகு அதற்கு என்ன நேர்கிறதோ அதுவே பரிணாமம் என்பது என் கருதுகோள்.

பெயரிலிருந்து தொடங்குவது மரபு. ‘சென்னையின்’ என்று வேற்றுமை உருபோடு அந்தரத்தில் தொங்கும் அணிப்பெயர் வேறெங்கும் நான் கேட்டதில்லை. சென்னைக்கு உரிய அணி என்று உடைமைப் பொருளில் இதை எடுத்துக்கொள்கிறார்கள். நன்னூல் படித்தவர்களுக்கு இது போதாது. ‘இன்’ ஐந்தாம் வேற்றுமை உருபு. நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என அதற்கு நான்கு பொருள். ‘சென்னையின் தெற்கு தாம்பரம்’ என்றால் எல்லை. ‘சென்னையின் நீங்கியது தாம்பரம்’ என்றால் நீங்கல். செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்துகொண்டு, 2021 முதல் தனி மாநகராட்சியும் வைத்திருக்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான உருபு கிடைக்காது. ஆகவே அணியின் பெயர் இலக்கணப்படி எங்களையே குறிக்கிறது. ஆட்டம் நடப்பது மட்டும் பெரியமேடு நேரு விளையாட்டரங்கில்.

மைதானம் போக தாம்பரத்தில் மின்ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கி ரிப்பன் மாளிகையைத் தாண்டி நடக்க வேண்டும். இந்தப் பயணத்தில் ஒரு மாலை கள ஆய்வு செய்தேன். மஞ்சள் சட்டைகள் எண்ணில் அடங்கவில்லை. அது கிரிக்கெட், இரண்டு அணியிலும் தோனிக்குத் தொடர்பு இருந்தாலும் ரயில் பெட்டியில் மஞ்சளுக்கு இடம் கிடைக்கும், நீலம் நின்றுகொண்டுதான் வரும். கண்ணில் பட்ட நீலம் மூன்று. ஒன்று இந்திய கிரிக்கெட் அணியின் சட்டை. இன்னொன்று கூரியர் பையன். மூன்றாவது, ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த நான்.

நெஞ்சில் இருக்கும் சின்னத்தைப் பார்ப்போம். அது ஒரு திருஷ்டி முகம். கண்ணேறு கழிக்க நம்மூரில் வீட்டு முகப்பில் மாட்டுகிற சாதி. பிற அணிகள் சிங்கம், யானை, கழுகு என்று எதிரியைப் பயமுறுத்தப் பார்க்கும்போது, இந்த அணி அக்கம்பக்கத்தார் கண்ணுக்கு மட்டுமே பயப்படுகிறது. முதல் மூன்று பருவங்களுக்குப் பயிற்சியாளராக வந்த மார்கோ மாத்தராசியை இங்கே நினைக்க வேண்டும். 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிதான் தலையால் முட்டியது இந்த மனிதரின் நெஞ்சில்தான். நெஞ்சுக்குக் காப்பு வேண்டும் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

இனி தரவுகள். மாதிரி-அ: 2014இல் சண்முகம் சாலை நடைபாதையில் முந்நூறு சொல்லி இருநூற்றுக்குப் படிந்த ‘ஃபர்ஸ்ட் காப்பி’. முதுகில் எண் 10. என் பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வளர்கிற பிள்ளை என்பதால் இரண்டு அளவு பெரிதாக வாங்கினோம். முழங்கால் வரை வந்தது. விளையாட்டு உடை வடிவமைப்பாளர்கள் எவரும் ‘வளர்கிற பிள்ளை’ என்ற அளவைப் பற்றி யோசித்ததற்குச் சான்றில்லை. தமிழ்நாட்டில் விற்கும் ஜெர்சிகளில் பாதி அந்த அளவுக்குத்தான் விலைபோகிறது என்பது என் எண்ணம்.

2015 நவம்பரில் மழை விடுமுறைக்கு முடிச்சூரில் என் சித்தப்பா வீட்டுக்குப் போன பையன் மாதிரி-அவை அங்கே ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டான். டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு வீட்டுக்குள் வந்தது. சித்தப்பாவும் சித்தியும் மாடியில் மூன்று நாள். நீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் எல்லாச் சுவரிலும் ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு. அந்தக் கோடு சுவரிலிருந்து நழுவாமல் ஜெர்சியின் மேலும் ஏறி, மறுபக்கம் இறங்கிச் சுவரில் தொடர்ந்தது. நீலத்தின் குறுக்கே ஒரு பழுப்புப் பட்டை. இவ்வளவு நேரான பட்டையை நான் எந்தச் சட்டையிலும் பார்த்ததில்லை. அந்த வெள்ளத்தால் அணியும் வீடிழந்தது. அரையிறுதியின் சொந்த மைதான ஆட்டத்தை டிசம்பர் 12 அன்று புனேயில் ஆடிற்று. டிசம்பர் 20, கோவாவில் இறுதி ஆட்டம். 87ஆம் நிமிடத்தில் பின்தங்கியவர்கள் 90ஐத் தாண்டும்போது 3-2 என்று முடித்தார்கள், கடைசி கோல் மெண்டோசா. சித்தப்பா வீட்டு டிவி தண்ணீரில் போயிருந்ததால் அவர் எங்கள் வீட்டில் அமர்ந்து பார்த்தார். ஃபுட்பால் பார்க்கிற ஆள் இல்லை அவர். “இவங்களும் நம்மள மாதிரி வேற எடத்துல போய்த் தங்கி ஆடறாங்களாடா?” என்று கேட்டார்.

பழுப்புப் பட்டையை நீக்கும் முயற்சியில்தான் ஆய்வின் மையப் பிரச்சினைக்கு வருகிறோம்: தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தயிர்த் திரி போல ஒரு கசடாகி நூலிழைக்குள் உட்கார்ந்துவிடும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. வேறு வழியே இல்லாத பிரிவில் நாங்கள் வெகுகாலமாகக் குடியிருக்கிறோம். பாலியஸ்டர் இழைக்குச் சாயம் எளிதில் போகாது. அதை வெளுத்தது போலக் காட்டுவது இந்த வெள்ளைப் படிவுதான். முதல் ஆண்டில் கடல் நீலம், மூன்றாம் ஆண்டில் வானம், ஐந்தாம் ஆண்டில் விபூதி பூசிய வானம். மெட்ரோ தண்ணீர் லாரி வந்த வாரங்களில் மட்டும் நிறம் சற்றே திரும்பும். ஒரு ஜெர்சியின் நீலத்தைப் பார்த்து அது குரோம்பேட்டையா, பல்லாவரமா, சேலையூரா என்று சொல்லிவிட முடியும் என்று நம்புகிறேன். இதை மேலும் ஆராய நிதி வேண்டும்.

அச்செழுத்துகளின் கதி வேறு. 200 டிகிரி வெப்பத்தில் சாயத்தை ஆவியாக்கி இழைக்குள்ளேயே ஏற்றும் முறையில் அச்சிட்டது உரியாது. சூட்டில் ஒட்டி எடுத்த எண்தான் உரியும். மாதிரி-அவின் முதுகில் 10இன் பூஜ்யம் 2016இல் வாஷிங் மெஷினுக்குள் கழன்று, பில்டரில் கிடைத்தது. மிச்சம் 1. முன்னணியில் கோல் போடப் போன பையன் அதன் பிறகு தெருவில் கோல்கீப்பராக நிறுத்தப்பட்டான். “நம்பர் அப்படித்தான் சொல்லுது மச்சான்” என்றார்களாம்.

மாதிரி-ஆ வெளியூர் ஆட்டத்துக்கான வெள்ளைச் சட்டை. இதில் நான் கண்டறிந்த விதியை இயற்பியலாளர்கள் கவனிக்க வேண்டும். வெள்ளைத் துணி என்றால் சொட்டு நீலம் போடாமல் என் அம்மாவால் இருக்க முடியாது. உப்புத் தண்ணீரில் வெள்ளை மங்குவதால் சொட்டு இரண்டானது, நான்கானது. நீலச்சட்டை வெளுத்துக்கொண்டே வர, வெள்ளைச்சட்டை நீலமேறிக்கொண்டே போக, 2019 வாக்கில் இரண்டும் கொடியில் ஒரே நிறத்தில் ஆடின. உள்ளூருக்கும் வெளியூருக்கும் உள்ள வேறுபாடு தாம்பரத்தில் ஐந்து ஆண்டுகளில் மறையும். “எது எதுன்னு நான் என்னத்தக் கண்டேன்” என்றாள் அம்மா.

மாதிரி-இ அசல், 2018 மார்ச் 17 வெற்றியைக் கொண்டாட வாங்கியது. பெங்களூருவை அதன் வீட்டிலேயே 3-2. இரண்டு கோல் மைல்சன் ஆல்வெஸ் தலையால் போட்டது. இரண்டாவது கோப்பை அது. அதற்கடுத்த பருவத்தில் அணி கடைசி இடம் பிடித்ததால் சட்டை அதிகம் துவைபடவில்லை. இஸ்திரி வண்டிக்குப் போகும் துணிக்கட்டில் யாரோ இதையும் சேர்த்துவிட, கரிப்பெட்டி பட்டு நெஞ்சருகே இரண்டு இடம் உருகிவிட்டது. என் மனைவி மஞ்சள் துணியில் இரண்டு நட்சத்திரம் வெட்டி வைத்துத் தைத்தாள். இரண்டு கோப்பைக்கு இரண்டு நட்சத்திரம் என்று பையன் கல்லூரியில் சொல்லியிருக்கிறான். விளையாட்டு வரலாற்றில் எத்தனை நட்சத்திரங்களுக்குக் கீழே ஓட்டை இருக்கிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

அணிச் சட்டையின் நெஞ்சில் சில பருவங்கள் அப்போலோ டயர்ஸ் என்று இருந்தது. அந்த நிறுவனத்துக்கு ஒரகடத்தில் ஆலை உண்டு. படப்பை வழியாகப் போனால் எங்களுக்குப் பக்கம். கல்யாண வீட்டுக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த பையனைப் பார்த்து ஒரு பெரியம்மா, “ஒரகடத்துல சேந்துட்டானா? பர்மனென்ட்டா?” என்று கேட்டு, பெண் வீட்டார் ஒருவரிடம் தகவலும் சொல்லிவிட்டாள்.

தொற்றுக்காலம் சுருக்கமானது. இரண்டு பருவங்கள் எல்லா ஆட்டமும் கோவாவில். ஊரில் யாருக்கும் மைதானம் இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்த்த நான், மகனுக்குச் சிறுத்துப்போன மாதிரி-ஆவைப் போட்டுக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்தேன். இடுப்புக்குக் கீழே கட்டம் போட்ட லுங்கி. அண்ணன் சட்டை தம்பிக்கு, அப்பா வேட்டி பிள்ளைக்கு என்று கீழ்நோக்கியே பாய்ந்துவந்த தமிழ் வாரிசுரிமை, ஜெர்சி விஷயத்தில்தான் மேல்நோக்கித் திரும்பியிருக்கிறது. மகன் கழித்ததைத் தகப்பன் உடுத்துகிறான்.

தகப்பனும் கழித்தால் பைக் துடைக்க. அதன் பிறகு கரித்துணி. பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது என்பதால் கரித்துணிப் பதவியில் ஜெர்சி நிலைப்பதில்லை. மேடையில் சிந்திய பாலை அது ஓரத்துக்குத் தள்ளும், அவ்வளவுதான். இருந்தும் என் மனைவி கத்தரிக்கோலோடு மாதிரி-அவை எடுத்த அன்று பக்கத்து மனையில் அபார்ட்மென்ட் கட்டும் மேஸ்திரி வந்து நின்றார்.

“அக்கா, பழைய சட்டை பேன்ட் ஏதாச்சும் இருக்குமா? மூணாவது மாடி ஏறிட்டோம், பொம்மை கட்டணும்.”

கொடுத்துவிட்டாள். மறுநாள் காலை மூன்றாவது மாடிச் சாரக்கட்டில் அது நின்றது. வைக்கோல் திணித்த உடம்பு, சட்டித் தலை, பிதுங்கிய கண், வெளியே நீட்டிய சிவப்பு நாக்கு, கரி மீசை. அதன் நெஞ்சில், பாதி அழிந்து, இன்னொரு திருஷ்டி முகம். மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு முகமும் தெருவை முறைத்தன. பழுப்புப் பட்டை வயிற்றுக்குக் குறுக்கே அப்படியே இருந்தது. ஒன்பது ஆண்டுத் துவைப்பில் அது மட்டும் போகவில்லை.

பின்பக்கம் பார்க்க எங்கள் மொட்டை மாடிக்கு ஏறினேன். கைகளை அகல விரித்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கி நின்றிருந்தது. முதுகில் 1.