வெளுப்பும் வர்ணமும்: ஒரு பிரமாண விசாரம்

துணியின் சாயம் நிற்குமா போகுமா என்னும் வினா, ஆன்மா நித்தியமா அநித்தியமா என்னும் வினாவைக் காட்டிலும் அதிகமான இல்லங்களில், அதிகமான உக்கிரத்துடன் விவாதிக்கப்பட்டு வருகிறது. அப்படியிருந்தும், பின்னதற்குப் பாஷ்யங்கள் மலைபோல் குவிந்துகிடக்க, முன்னதற்குக் கையடக்கமான ஒரு சூத்திர நூல்கூட இல்லாதிருப்பது நம் பண்டிதர்களின் பாராமுகம் என்றே சொல்லவேண்டும். அக்குறையை இயன்ற அளவு நீக்குவதே இக்கட்டுரையின் பிரயோஜனம்.

முதற்கண் ஒரு பேதத்தைத் தெளிந்துகொள்ளவேண்டும். சாயம் இறங்குவது வேறு. சாயம் வெளுப்பது வேறு. முதலாவதில், இழையைச் சரியாகப் பற்றாத வர்ணம் தண்ணீரில் கரைந்து, அதே வாளியில் ஊறிக்கொண்டிருக்கும் தாத்தாவின் எட்டுமுழ வேட்டியில் மறுபிறவி எடுக்கிறது. இரண்டாவதில், ப்ளீச்சிங் பவுடர்க் கரைசலிலுள்ள ஹைப்போகுளோரைட் வர்ணத்தின் மூலக்கூறையே ஆக்சிஜனேற்றத்தால் சிதைத்துவிடுவதால், அது வேறெந்தத் துணிக்கும் போகாமல் பிறவாப் பெருநிலை எய்திவிடுகிறது. இவ்விரு கதிகளையும் இல்லத்தரசிகள் ‘சாயம் போச்சு’ என்று ஒன்றாக அடக்கிவிடுவது, துக்கத்தின் வேகத்தில் நேர்வதாகக் கொண்டு மன்னிக்கத்தக்கது.

இனிப் பிரமாணங்கள். சாயத்தின் ஸ்திரத்தன்மையை அறிய உலகம் பெரிதும் நம்புவது சப்தப் பிரமாணத்தை, அதாவது கடைக்காரர் வாக்கை. “கெட்டிச் சாயம்மா, துணி கிழிஞ்சாலும் சாயம் போகாது” என்று அவர் மொழிவதில் பொய் யாதும் இல்லை. துணி எப்போது கிழியும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அடுத்தது அனுமானம்: கைக்குட்டையை நனைத்து முந்தானையின் ஓரத்தில் தேய்த்து, கைக்குட்டை சிவந்தால் சாயம் கெட்டியில்லை என்று துணிவது. இறங்கும் சாயத்தைக் கண்டுபிடிக்க இது போதுமாயினும், வெளுக்கும் சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் உரைக்காது. எஞ்சுவது பிரத்தியட்சம் ஒன்றே. ஆனால் முழுத்துணியையும் வெளுப்பில் நனைத்துப் பார்த்து அடைந்த ஞானத்தை, பிறகு எந்தத் துணியின்மேல் பிரயோகிப்பது?

இச்சங்கடத்துக்கு மேனாட்டார் கண்ட பரிகாரம், துணியில் சிறு துண்டு ஒன்றை வெட்டிப் பலியிடுவது. சர்வதேசத் தரமுறையின்படி அத்துண்டு, லிட்டருக்கு 2 கிராம் குளோரின் கொண்ட ஹைப்போகுளோரைட் கரைசலில், 20 டிகிரி வெப்பத்தில், 60 நிமிஷம் ஊறவேண்டும். சென்னைவாசி ஒருவர் இவ்விதியை அப்பழுக்கின்றி அனுஷ்டிக்க விரும்பினால், மார்கழி விடியற்காலை வரையில் காத்திருக்க நேரும். பின்னர் அத்துண்டை, சாம்பல் நிறச் சாயல்கள் வரிசையாய் ஒட்டிய அளவுகோலோடு ஒப்பிட்டு, மாற்றமே இல்லையேல் 5 என்றும், படுமோசமானால் 1 என்றும் மதிப்பெண் இடுவர்.

இவ்வளவுகோலை நம்மவர் புதிதாய்க் கற்கவேண்டியதில்லை என்பது அடியேனின் சித்தாந்தம். கல்யாணத்துக்குக் கட்டத்தக்கது 5, கோயிலுக்கு 4, வீட்டோடு கட்டிக்கொள்ள 3, தலையணை உறைக்கு 2, அடுப்படிக் கரித்துணிக்கு 1 என்னும் தரவரிசை நெடுங்காலமாக நம் இல்லங்களில் வழங்கிவருவதே. மேனாட்டார் இடையில் வைத்திருக்கும் அரைப்படிகளுக்குக்கூட இங்கே இணை உண்டு: மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட புடவை, நெருங்கிய உறவினர் வீட்டுக்கு மட்டும் உகந்தது.

சாயங்களின் குணபேதமோ விசித்திரமானது. ஆண்டுக்கணக்கான சலவையைத் தாங்கும் அவுரி நீலம், ஹைப்போகுளோரைட்டின் முன் ஐசாட்டின் என்னும் வெளிறிய மஞ்சட் பொருளாகச் சிதைந்துபோகிறது. 1956-இல் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் பருத்தி இழையோடு ரசாயன பந்தமே கொண்டுவிடுவதால் சலவையில் எளிதில் இறங்குவதில்லை. எனினும் அவற்றுள் பல குளோரினைக் கண்டால் நிறம் இழக்கின்றன. இழையை விட்டு நீங்காத பக்தி வேறு, அழிவை எதிர்க்கும் வலிமை வேறு போலும். கெட்டித்தன்மையில் ‘வாட்’ என்னும் வகைச் சாயங்களின் கீர்த்தி பெரிது. ஆயினும் 1901-இல் ஜெர்மனியில் ரெனே போன் என்னும் ரசாயனி கண்டறிந்த இண்டாந்த்ரோன் நீலம், அக்குலத்தின் மூத்தவர்களுள் ஒன்றாயிருந்தும், குளோரின் பட்டால் பச்சைச் சாயல் கொண்டுவிடும்.

பட்டைப் பற்றிய அத்தியாயம் மிகச் சுருங்கியது. ஹைப்போகுளோரைட் பட்டின் புரதத்தையே மஞ்சளாக்கி அரித்துக் கரைப்பதால், காஞ்சிபுரம் புடவையின் சாயம் நிற்குமா என்று வெளுப்பில் நனைத்துப் பார்ப்பவருக்கு, வர்ணத்தைப் பற்றிய தீர்ப்பு வருமுன் வஸ்திரமே இராது. கம்பளிக்கும் இதே விதிதான்.

பழியைச் சுமத்த ஆள் தேடுவோர் வசதிக்காக இரு பெயர்களைக் குறித்துவைக்கிறேன்: குளோரினை 1774-இல் பிரித்தெடுத்தவர் ஸ்வீடனின் ஷீலே, ப்ளீச்சிங் பவுடருக்கு 1799-இல் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தின் சார்ல்ஸ் டென்னண்ட்.

பருத்திப் புடவையைச் சோதிக்கத் துணிந்த வாசகர்கள், இடுப்பில் செருகும் உள்முனையின் மடிப்பில், நீர் கலந்த வெளுப்புக் கரைசலில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் பொறுத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தால் போதும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். குளியலறை கழுவும் ஆசிட்டை மட்டும் அதன் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், இரண்டும் கலந்தால் எழும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்தாகும்.