பிரிக்கப்படாத பெட்டி: பொம்மைக் கண்காட்சியியலுக்கு ஒரு முன்னுரை

பொம்மை, விளையாட்டு, காமிக்ஸ் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கூட்டும் கண்காட்சிகளைப் பற்றி எழுதுவோர், வேடமிட்டு வருகிறவர்களையும் கையெழுத்துக்கு நிற்கும் வரிசையையும் பக்கம் பக்கமாக வருணித்துவிட்டார்கள். எங்கு பார்த்தாலும் அடுக்கி வைத்திருக்கும் அட்டைப்பெட்டியை மட்டும் ஆராய்ச்சிக்கு உரியதாக யாரும் மதிக்கவில்லை. 2008இல் தொடங்கி, 2019 முதல் சிங்கப்பூர் காமிக் கான் என்ற பெயரில் நடந்துவரும் சிங்கப்பூர்க் கண்காட்சியை எடுத்துக்கொள்வோம். பழைய பெயரில் பொம்மை, விளையாட்டு, காமிக்ஸ் மூன்றுமே இருந்தன. மூன்றுக்கும் அதனதன் வினை உண்டு: பொம்மையை ஆட்ட வேண்டும், விளையாட்டை ஆட வேண்டும், காமிக்ஸைப் படிக்க வேண்டும். ஆனால் இவ்வகைக் கண்காட்சிகளில் விலை ஏற ஏற இந்த வினைகள் ஒவ்வொன்றாகத் தடைபடுவதைக் காணலாம். எனவே இக்கட்டுரையின் துணிபு இது: அங்கே காட்டப்படுவதும் விற்கப்படுவதும் பெட்டியே. பொம்மை, பெட்டி நசுங்காதிருக்க உள்ளே செருகிய அடைப்பு.

சான்றுகளில் தலையாயது 1977ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவ்வாண்டு மே மாதம் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைக்கு வந்து சக்கைப்போடு போட்டது. பொம்மை உரிமம் பெற்றிருந்த கென்னர் நிறுவனத்தால் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. நம்மூர் வியாபாரியாக இருந்தால் “சரக்கு இன்னும் வரலீங்க, தை பொறந்ததும் வாங்க” என்று சொல்லி அனுப்பியிருப்பார். கென்னர் அப்படிச் செய்யவில்லை. அட்டை உறை ஒன்றை விற்றது. உள்ளே பொம்மைகளை நிறுத்துவதற்கு ஓர் அட்டை மேடை, சில ஸ்டிக்கர்கள், ரசிகர் மன்ற அட்டை, ஒரு சான்றிதழ். சான்றிதழைத் தபாலில் அனுப்பினால் மறு ஆண்டு லூக், லேயா, சூபாக்கா, ஆர்-டூ டி-டூ நால்வரும் வீடு வந்து சேர்வார்கள். பொம்மை இல்லாத பொம்மைப் பரிசைப் பிள்ளைகள் அந்தப் பண்டிகைக்குப் பெற்றுக்கொண்டார்கள். பெட்டி முந்தியது, பொம்மை பிந்தியது என்பதற்கு இதைவிடத் தெளிவான வரலாற்று ஆதாரம் வேண்டியதில்லை.

வணிக வழக்கும் இதையே காட்டுகிறது. பெட்டியோடு பழுதின்றி இருப்பது ‘மின்ட் இன் பாக்ஸ்’. பெட்டியைப் பிரித்துவிட்டால் அந்தப் பொம்மைக்கு ‘லூஸ்’ என்று பெயர். பிரித்தவருக்கும் அதுவே பெயர் என்பதில் சேகரிப்பாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இருக்காது. பெட்டியின் முன்பக்கம் கண்ணாடித்தாள் ஒட்டிய சன்னல் இருக்கிறதே, அது பொம்மையைப் பார்க்கத்தானே என்று ஒருவர் கேட்கலாம். அற்றன்று. அந்தப் பெட்டியின் முனை மழுங்காதிருக்க அதன் மேல் மாட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை தனியாக விற்பனையாகிறது. உறை போட்டுக் காக்கப்படுவது எதுவோ அதுவே பொருள். பெட்டிக்கு உறை வாங்கியவர் பெட்டியைத்தான் வாங்கியிருக்கிறார். காமிக்ஸிலும் இதே நிலைதான். 2000 முதல் சி.ஜி.சி. என்ற அமெரிக்க நிறுவனம் இதழ்களுக்கு 10 வரை மதிப்பெண் இட்டு, கெட்டிப் பிளாஸ்டிக்குக்குள் அடைத்து முத்திரையிட்டுத் தருகிறது. படிப்பதற்காக உடைத்தால் அந்த மதிப்பெண் செல்லாது. 1938இல் 10 சென்ட்டுக்கு விற்ற, சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் ஒரு பிரதி, இப்படி அடைபட்ட நிலையில் 2014இல் 32 லட்சம் டாலருக்குப் போனது. அதே கதை மறுபதிப்பாகச் சில டாலருக்குக் கிடைக்கிறது. மிச்சத் தொகை முழுவதும் படிக்காமல் இருப்பதற்கான கட்டணம் என்றே கொள்ள வேண்டும். வீடியோ விளையாட்டிலும் விதிவிலக்கு இல்லை. உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்ற ‘சூப்பர் மாரியோ 64’, உறை கிழிக்கப்படாத ஒரே காரணத்தால், 2021 ஜூலையில் 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. இதுவரை யாரும் ஆடாததும் இனி யாரும் ஆடப்போகாததுமான விளையாட்டு அது.

இதெல்லாம் வெறும் முதலீடு, இதில் தத்துவம் எங்கே வந்தது என்பாரும் உளர். முதலீடு என்றால் லாபம் வரவேண்டும். 1991இல் ‘எக்ஸ்-மென்’ புது வரிசையின் முதல் இதழ் பல அட்டைப்படங்களோடு வந்து 80 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 1992 நவம்பரில் ‘சூப்பர்மேன்’ வரிசையில் அவர் இறந்த 75ஆம் இதழ் கறுப்புப் பிளாஸ்டிக் உறையில், துக்கப் பட்டையோடு வந்தது. படிக்க ஒன்று, பிரிக்காமல் வைக்க ஒன்று என்று வாங்கியவர்கள் ஏராளம். எல்லோரும் பத்திரப்படுத்தியதால் அரிதாவதற்கு வழியே இல்லாமல் போயிற்று. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை அதை நம்பி விட்டவர்கள் பாடு திண்டாட்டம். 2023இல் பொம்மை செய்து விற்கும் ஃபன்கோ நிறுவனமே தேங்கிய சரக்கில் 3 கோடி டாலருக்கு மேற்பட்டதைக் குப்பைமேட்டுக்கு அனுப்பப்போவதாக அறிவித்தது. இவ்வளவுக்குப் பிறகும் பெட்டியைப் பிரிக்க மனம் வராதென்றால் அதைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. பக்திக்கு நெருக்கமான ஏதோ ஒன்று அது.

பக்தி என்றதும் கொலு வைக்கும் வீட்டார் ஒரு மறுப்போடு வருவார்கள்: நாங்களும்தான் பொம்மையைப் பெட்டியில் வைத்து, பிள்ளைகளைத் தொட விடாமல் காக்கிறோம். உண்மை. ஆனால் அந்தப் பெட்டியைப் படியில் ஏற்றி யாரும் சுண்டல் படைப்பதில்லை.

வலுவான மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. பாப் மார்ட் போன்ற கடைகள் விற்கும் லபூபு வகைப் பொம்மைகள், உள்ளே எது என்று தெரியாத மூடுபெட்டியில் வருகின்றன. வாங்கியவர் பிரித்தே ஆகவேண்டும். அங்கே துணிபு உடைகிறதே? வாங்குமுன் நடப்பதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியாக எடுத்துக் காதருகே குலுக்கி, கையில் எடைபார்த்து, உள்ளே இருப்பது வேண்டியதா வேண்டாததா என்று ஊகிக்கிறார்கள். பெரியவர்கள் கண் விரிய, மூச்சுப் பிடித்து, உண்மையிலேயே விளையாடும் தருணம் அது. அந்த விளையாட்டும் பெட்டியோடுதான், திறந்ததும் முடிந்துவிடுகிறது. இதை அறிஞர் உலகம் முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரத்து ஸ்ட்ராங் அருங்காட்சியகம் நடத்தும் தேசியப் பொம்மைப் புகழ் மண்டபத்தில், 1998இல் பார்பி இடம்பெற்றாள். 2005இல் அட்டைப்பெட்டியே இடம்பெற்றது, உள்ளே எந்தப் பொம்மையும் இல்லாமல். அதே மண்டபத்தில் 2008இல் மரக்குச்சியையும் சேர்த்தார்கள். குச்சிக்குப் பெட்டி கிடையாது என்பதால் அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.