கம்பத்துக்குப் பக்கத்தில்

சென்னையில் யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால் நான் எடுத்த எடுப்பில் சுருளிப்பட்டி என்று சொல்வதில்லை. "தேனி மாவட்டம்" என்று ஆரம்பிப்பேன். கேட்டவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. "கம்பம் தெரியுமில்ல?" தெரியும் என்பார். "அங்கேயிருந்து சுருளி அருவிக்குப் போற வழியில..." என்பதற்குள் அவர் முந்திக்கொள்வார். "சுருளியா? குளிச்சிருக்கேனே!"

குளித்திருப்பார். போகும்போதும் வரும்போதும் எங்கள் ஊர் வழியாகத்தான் வண்டி போயிருக்கும். போகும்போது சோப்பை எடுத்து வைத்தோமா என்ற கவலை, வரும்போது தூக்கம். நடுவில் ஓர் ஊர் இருந்தது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

எங்கள் ஊர் வரலாறே இப்படி நிற்காமல் போனவர்களின் வரலாறுதான். இதைக் கண்ணகியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எங்கள் பெரியப்பாவின் கட்சி. மதுரையை எரித்துவிட்டு அவள் மேற்கே சேர நாட்டு மலைக்குப் போனாள் என்கிறது சிலப்பதிகாரம். கூடலூருக்கு மேலே மலையுச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் ஜனங்களை விடுவார்கள். அன்றைக்குப் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறுகிறவர்கள் ஒரு பக்கம், குமுளியிலிருந்து ஜீப்பில் வருகிறவர்கள் ஒரு பக்கம், இரண்டு மாநிலத்துப் போலீஸும் நடுவில்.

"மதுரையிலருந்து அங்க போகணும்னா நம்ம பள்ளத்தாக்கு வழியாத்தானப்பா வந்திருக்கணும்? பறந்தா போனா?" என்பார் பெரியப்பா.

பறந்தாள்தான். ஆனால் அது மலையேறின பிறகு. அதுவரைக்கும் நடை என்பதால் நானும் ஒத்துக்கொண்டேன். "நம்ம ஊர்ல நின்னாளா பெரியப்பா?"

"தண்ணி குடிக்காமயா போயிருப்பா?"

"அதுக்குக் கல்வெட்டு ஏதாச்சும்..."

"தண்ணி குடிச்சதுக்கெல்லாம் எவன்டா கல்வெட்டு வெட்டுவான்?"

வரலாற்று ஆய்வு அத்தோடு முடிந்தது.

அருவியைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. ஏற்கெனவே அதற்குப் புகழ் போதும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் அலைமோதும். மற்ற நாட்களில் யானைக் கூட்டம் வந்துவிட்டால் வனத்துறை கதவைச் சாத்திவிடும். மேலே குகைகளில் சித்தர்கள் இருக்கிறார்கள் என்பதும் ஊரில் தீர்ந்துபோன விஷயம். பார்த்தவர்கள் உண்டு. எல்லோரும் விடிகாலையில், தனியாக இருந்தபோது பார்த்தவர்கள்.

அருவிக்கரையில் இருக்கும் சாமி சுருளி வேலப்பர். அதனால் எங்கள் பக்கம் சுருளி, சுருளிவேல், சுருளியம்மாள் என்று தெருவுக்குத் தெரு பெயர்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "சுருளி!" என்று அதட்டினால் குற்றவாளியோடு சேர்ந்து நிரபராதிகளும் எழுந்து நிற்போம். நகைச்சுவை நடிகர் சுருளிராஜன் பெயரும் இந்த வேலப்பர் தந்ததுதான் என்பார்கள். அவர் பிறந்தது பெரியகுளத்தில். 2021இல் வந்த 'ஜகமே தந்திரம்' படத்தில் தனுஷுக்குப் பெயர் சுருளி என்றதும் ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தச் சுருளியும் மதுரையிலிருந்து நேரே லண்டனுக்குப் போய்விட்டான்.

சரி, திராட்சைக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு.

கம்பத்திலிருந்து எங்கள் ஊருக்கு வரும் சாலையில் இரண்டு பக்கமும் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டுக் கொடியை ஏற்றியிருப்பார்கள். பந்தலுக்குள் நுழைந்தால் வெயில் பச்சையாக இறங்கும். தலைக்கு மேலே கறுத்த கொத்துகள். இதுதான் பன்னீர் திராட்சை. மகாராஷ்டிரத்தில் வருடம் ஒரு அறுவடை என்றால், எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் வெட்டு நடக்கும். கவாத்து பண்ணி ஏறக்குறைய நாலு மாதத்தில் காய் எடுத்துவிடலாம். அதனால் வருடம் முழுக்க எங்கேயாவது பழம் இருக்கும். வருடம் முழுக்க எங்கேயாவது ஒரு விவசாயி வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டும் இருப்பார். காய் பிடிக்கும் நேரத்தில் மழை பெய்தால் செவட்டை நோய் விழும், பழுத்த நேரத்தில் பெய்தால் பழம் வெடிக்கும். பெய்யாவிட்டால் கிணறு வற்றும். இவருக்குப் பிடித்த மாதிரி மழை பெய்வது எப்படி என்று வருணனுக்கே குழப்பம்.

இந்தப் பழத்தின் பூர்வீகம் அதைவிடக் குழப்பம். தோட்டக்கலைக்காரர்கள் இதை மஸ்கட் ஹாம்பர்க் என்கிறார்கள். பெயரைக் கேட்டால் ஒரு நகரம் அரபு நாட்டில், ஒரு நகரம் ஜெர்மனியில். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள். இத்தனை நாடு சுற்றி வந்த பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர்: கம்பம் பன்னீர் திராட்சை.

கம்பம்! கம்பத்தில் பஸ் ஸ்டாண்டு இருக்கிறது, ஜவுளிக்கடை இருக்கிறது, ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகள் இருக்கின்றன. கொடி எங்கே இருக்கிறது? சுருளிப்பட்டியில், காமயகவுண்டன்பட்டியில், நாராயணத்தேவன்பட்டியில், இன்னும் சுற்றியுள்ள ஊர்களில். பெண் எங்கள் வீட்டுப் பெண். பத்திரிகையில் மட்டும் பெரிய வீட்டுப் பெயர். பஞ்சாயத்து வைக்கலாம் என்றால் அதையும் கம்பத்தில் போய்த்தான் வைக்க வேண்டும்.

இப்போது சில தோட்டங்களில் சுற்றுலாக்காரர்களை உள்ளே விடுகிறார்கள். நல்ல காரியம். பந்தலின் உயரம் எங்கள் ஆட்கள் எட்டி அறுக்கும் உயரம். நகரத்திலிருந்து வரும் நெட்டையர்கள் தலை குனிந்தபடிதான் நடக்க வேண்டும். எங்கள் ஊருக்குக் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான், அதையும் வாங்கிக்கொள்கிறோம். ஒருமுறை கண்ணாடி போட்ட ஒருவர் பழத்தைத் தின்றுவிட்டு, "என்னங்க, கொட்டை இருக்கே?" என்று குறைப்பட்டார். தோட்டக்காரர் நிதானமாகச் சொன்னார்: "ஆமாண்ணே. துப்புறதுக்கு எடம் நெறைய இருக்கு."

கொடிக்குப் பெருமை கம்பத்துக்குப் போனால், தண்ணீருக்குப் பெருமை ஓர் ஆங்கிலேயருக்கு. இதில் எங்களுக்கு வருத்தமில்லை. மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே எங்கள் பள்ளத்தாக்கில் இறக்கிவிட்டவர் பென்னிகுவிக். 1887இல் தொடங்கி 1895இல் அணை முடிந்தது. இன்றும் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில்தான். அவர் பிறந்த ஜனவரி 15 பொங்கலை ஒட்டியே வருகிறது. பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவருக்கென்றே பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபமும் வந்துவிட்டது. பணம் போதாமல் இங்கிலாந்தில் இருந்த சொத்தை விற்று அணை கட்டினார் என்று நாங்கள் அடித்துச் சொல்வோம். அதற்கு ஆதாரம் கேட்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு எங்கள் ஊர் டீக்கடையில் டீ கிடைக்கும், பெஞ்சு கிடைக்காது.

எனக்குப் பிடித்தது அணைக்கான குத்தகை ஒப்பந்தம். 1886இல் திருவிதாங்கூரோடு போட்டது: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய், 999 வருடம். சென்னையில் எனக்கு வீடு கொடுத்தவர் பதினொரு மாதத்துக்கு மேல் ஒரு நாள்கூடத் தரமாட்டேன் என்றார். நான் பென்னிகுவிக் கதையைச் சொன்னேன். அவர் அட்வான்ஸை ஏற்றிவிட்டார்.

எங்கள் ஊர்ப் பெயர் உள்ளபடியே பிரபலமானது ஒரு யானையால். 2023 ஏப்ரலில் இடுக்கி சின்னக்கானலில் அரிக்கொம்பனைப் பிடித்துப் பெரியார் புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அரிசிக்காக ரேஷன் கடையை உடைக்கும் யானை. கேரளத்தில் அதற்கு ரசிகர் மன்றம்கூட உண்டு. மே 27ஆம் தேதி காலையில் கம்பம் ஊருக்குள் வந்து நின்றது. அன்று அது தள்ளிவிட்டதில் காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்துபோனார். அதனால் இந்தக் கதையில் ஓரளவுக்கு மேல் சிரிக்க எனக்கு மனசு வராது. ஊரடங்கு போட்டார்கள். யானை கம்பத்தை விட்டுத் தோட்டங்கள் வழியாக எங்கள் ஊர்ப் பக்கம் நடந்தது.

சென்னையில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரையின் அடியில் எழுத்து ஓடியது: சுருளிப்பட்டியில் அரிக்கொம்பன். 'கம்பத்துக்குப் பக்கத்தில்' என்ற ஒட்டு இல்லை, வெறும் சுருளிப்பட்டி! பயத்தில் ஊருக்குப் போன் போட்டேன். பெரியப்பா எடுத்தார்.

"பாத்தியாடா, நம்ம பேரு வந்துச்சா?"

"அது கெடக்கட்டும் பெரியப்பா. கதவைச் சாத்தினீங்களா?"

"சாத்தியாச்சு, சாத்தியாச்சு. எந்த சேனல்ல பாத்த?"

அரிக்கொம்பனைப் பிடிக்க வந்த கும்கிகளில் ஒன்று முத்து. அதன் பழைய பெயர் அரிசி ராஜா. பொள்ளாச்சிப் பக்கம் அட்டகாசம் பண்ணிப் பிடிபட்டுத் திருந்தியது. அரிசி தின்ற யானையைப் பிடிக்க இன்னோர் அரிசி யானை. வனத்துறைக்குள் நல்ல நகைச்சுவை எழுத்தாளர் ஒருவர் இருக்கிறார் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஜூன் 5ஆம் தேதி சின்ன ஓவுலாபுரம் பக்கம் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்கு ஏற்றிப்போனார்கள். மறுநாளிலிருந்து நாங்கள் மறுபடியும் கம்பத்துக்குப் பக்கத்தில்.

அடுத்த முறை சுருளிக்குப் போகிறவர்கள் திரும்பும்போது தூங்காமல் வாருங்கள். எங்கள் ஊரில் இறங்கி ஒரு பந்தலுக்குள் போய், கொத்தைப் பிடித்துத் தொங்காமல் போட்டோ எடுத்துக்கொண்டு, தோட்டக்காரர் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து இரண்டு கிலோ வாங்குங்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மகாராஷ்டிரத்து விதையில்லாத் திராட்சை வந்து எங்கள் விலையை அமுக்கிவிடும். அந்த மாதங்களில் வந்தால் இன்னும் நல்லது.