நடக்க விரும்புவோர் காரில் வரவும்

தமிழ்நாட்டில் நடப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. காலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை. கையில் தண்ணீர் பாட்டில், காலில் விலையுயர்ந்த ஷூ, மணிக்கட்டில் அடிகளை எண்ணும் கடிகாரம் இருந்துவிட்டால் அரசாங்கமே ஓரமாக நின்று கைதட்டும். அதே கால்களோடு மாலை ஆறரை மணிக்கு, தோளில் ஆபீஸ் பையும் கையில் காய்கறியுமாக பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நடந்து பாருங்கள். நீங்கள் போக்குவரத்துக்கு இடையூறு.

2023 நவம்பர் 4 அன்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் தலா 8 கிலோமீட்டர் நடைப் பாதை. நல்ல திட்டம்தான். வீட்டுக்கொரு சர்க்கரை நோயாளி இருக்கிற மாநிலத்தில் அதை யார் குறை சொல்லப் போகிறார்கள்? பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 304 கிலோமீட்டர். ஏழு கோடிப் பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு நாலு மில்லிமீட்டர் சொச்சம். ஒரு காலைத் தூக்கி வைப்பதற்குள் அடுத்தவர் பங்கு வந்துவிடும்.

சென்னைப் புறநகரில் இருப்பவர்களுக்கு ஏரிக்கரை இருக்கிறது. பாதி ஏரி பட்டாவாகி, மீதியில் சாக்கடை கலந்தபின் கரையில் கல் பதித்து, கைப்பிடி வைத்து, ‘நடைபயிற்சிப் பாதை’ என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. வெளியே, நடக்க வந்தவர்களின் கார்கள் தெருவின் இருபக்கமும் நிற்பதால் அந்தத் தெருக்காரர்கள் நடக்க வழி கிடையாது. ஆரோக்கியம் தேடி இரண்டு கிலோமீட்டர் காரில் வந்து, உள்ளே இரண்டு கிலோமீட்டர் நடந்து, மறுபடி காரில் ஏறிப் போகிறார்கள். அவர்களைத் திட்டி என்ன பயன்? வீட்டிலிருந்து ஏரி வரை நடந்தே வந்தால் ஏரிக்கு வந்துசேர்வோமா என்பது அவர்களுக்குத் தெரியும். புறப்பட்ட இடத்துக்கே சுற்றிச் சுற்றி வருகிற நடைக்குத்தான் இங்கே நிதி ஒதுக்கீடு. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக நடப்பவன் வண்டி வாங்க வக்கில்லாதவன். அவனுக்கு எதற்குப் பாதை?

இவ்வளவுக்கும் கொள்கைக்குப் பஞ்சமில்லை. மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கையை 2014-லேயே ஏற்றுக்கொண்டது சென்னை மாநகராட்சி. போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும். 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை. பாதசாரிகளும் சைக்கிளில் போகிறவர்களும் சாவது அறவே நின்றுபோகும். படித்தால் கண்ணில் நீர் வரும். அந்த 2018 எங்கள் பக்கம் மட்டும் இன்னும் வரவில்லை. நடந்து வந்துகொண்டிருந்தது போல, வழியில் ஏதாவது குழியில் விழுந்திருக்கும்.

நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேராயம் எழுதி வைத்திருக்கிறது. தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம், தலைக்கு மேல் 2.2 மீட்டர் இடைவெளி, சாலையிலிருந்து உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு எந்தப் புறநகர் மெயின் ரோட்டிலும் இருநூறு மீட்டர் நடங்கள். முதலில் ஏறுவதற்கே முழங்கால் உயரம். மழைநீர் வடிகாலின் மூடிதான் நடைபாதை என்பதால் வடிகாலின் வசதிப்படிதான் உயரம். ஏறியதும் ஒரு வீட்டு காம்பவுண்டிலிருந்து காருக்காகப் போட்ட சிமென்ட் சறுக்கு. இறங்கி ஏறினால் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், கதவு திறந்து, ஒயர்கள் வெளியே தொங்க. அதைத் தாண்டினால் கட்சிக்கொடிக் கம்பத்தின் பீடம். அதைத் தாண்டினால் இந்த நடைபாதையைத் திறந்து வைத்தவரின் பெயர் பொறித்த கல்வெட்டு, நடைபாதையின் நட்டநடுவில். அப்புறம் ஒரு சிலாப் காணாமல் போய் ஆளை விழுங்கும் ஓட்டை. புண்ணியவான் யாரோ அதில் வேப்பங்கிளையைச் செருகி, நுனியில் சிவப்புத் துணி கட்டியிருப்பார். அந்த வழித்தடம் முழுவதிலும் பாதசாரியின் உயிரைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்துச் செய்யப்பட்ட ஒரே வேலை அந்தக் கிளைதான். டெண்டர் விடாமலே நடந்தது.

யாரிடம் போய்ச் சொல்வது? சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, ஓரம் மாநகராட்சிக்கு, ஓரத்திலிருக்கும் பெட்டி மின்வாரியத்துக்கு, அடியிலிருக்கும் குழாய் குடிநீர் வாரியத்துக்கு. குழி மட்டும் பொதுமக்களுக்கு.

சைக்கிள் விஷயத்தில் நம் அரசுகளின் தாராளம் உலகறிந்தது. ஆட்சி மாறும், சைக்கிளின் முன்னால் மாட்டியிருக்கும் படம் மாறும், சைக்கிள் நிற்காது. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பதினொன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் விலையில்லா மிதிவண்டி. அருமையான திட்டம், மனதாரச் சொல்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த புதுக்கோட்டையில், எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள், கேலி செய்த ஆண்களைச் சட்டை செய்யாமல், விழுந்து எழுந்து சைக்கிள் பழகிய மாநிலம் இது. சைக்கிள் ஒரு பெண்ணுக்கு என்ன தரும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருந்தும், கொடுத்த சைக்கிளை எந்த ரோட்டில் ஓட்டுவது என்று மட்டும் ஓர் அரசாணையிலும் இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் பக்கம் காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். இடப்பக்கம் எதிர்த்திசையில் வரும் பைக், வலப்பக்கம் உரசும் பஸ், பின்னால் தண்ணீர் லாரியின் ஹாரன். நடுவில் ரெட்டைச் சடையும் பையுமாக ஒரு பெண். டிராபிக் காவலர் கத்துகிறார்: “ஓரமா போ பாப்பா!” அவர் சொல்லும் ஓரத்தில் ஒரு எஸ்.யூ.வி. நின்றுகொண்டிருக்கிறது. அதைப் பார்த்து அவர் ஏன் கத்தவில்லை என்று அந்தப் பிள்ளை கேட்காது. நாமாவது கேட்கலாம் இல்லையா?

2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். குடித்துவிட்டுப் பறந்தவர்களல்ல, ஹெல்மெட் போடாதவர்களல்ல, நடந்தவர்கள். மறுநாள் செய்தியில் ‘சாலையைக் கடக்க முயன்றபோது’ என்று ஒரு வரி வரும். முயன்றது அவர் தப்பு. எதிரில் இருக்கிற மருந்துக்கடைக்குப் போக ஒரு கிலோமீட்டர் சுற்றியிருக்க வேண்டும், அல்லது மாடி வீட்டை விட உயரமான நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கியிருக்க வேண்டும். மூட்டு வலிக்காரர் மூன்று மாடி ஏறலாம். ஏசி போட்ட கார் முப்பது நொடி சிக்னலில் நிற்பது மட்டும் நாட்டின் வளர்ச்சிக்குக் கேடு.

நடைபாதை உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவிலேயே அடங்கியது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு மனிதன் கீழே விழாமல் பத்தடி நடக்க டெல்லி வரை போக வேண்டியிருந்திருக்கிறது. நடந்து போயிருக்க முடியாது, நிச்சயம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புது மாஸ்டர் பிளான் வேண்டாம், ஆய்வுக்காக வெளிநாட்டுப் பயணம் வேண்டாம், மாரத்தான் வேண்டாம், டி-ஷர்ட் வேண்டவே வேண்டாம். ஒரு நடைபாதைக்கான கடைசி பில்லில் கையெழுத்துப் போடும் பொறியாளர், போடுவதற்கு முன்னால், தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தானே தள்ளிக்கொண்டு போக வேண்டும். கூடவே ஒப்பந்ததாரரும் வார்டு கவுன்சிலரும் பள்ளிக்கூட சைக்கிளில் பக்கத்தில் வரட்டும். முதல் வீட்டின் சிமென்ட் சறுக்கிலேயே மூவரும் திரும்பிவிடுவார்கள். அலைய வேண்டியிருக்காது. அவர்கள் வந்த கார் அங்கேதான், நடைபாதை மேலேயே நிறுத்தியிருக்கும்.