ஓ.எல். வரலாற்றில் 'ஏ' எடுக்க ஆறு வழிகள்

வரலாறு கட்டாய பாடம், தப்ப ஏலாது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் அவர்களின் ரியூசன் காசைக் கட்டும் பெற்றோரும் இதை வெட்டி மேசையில் ஒட்டி வையுங்கோ.

1. குளங்களைப் பாடமாக்குங்கோ. மகாசேனனுக்கு மின்னேரிக்குளம், தாதுசேனனுக்குக் கலாவாவி, பராக்கிரமபாகுவுக்குச் சமுத்திரமே இருக்கிறது. எங்கள் வழுக்கியாறு மாரியில் மட்டும்தான் ஓடும். வினாத்தாளில் மாரியிலும் ஓடாது.

2. எல்லாளனைத் தோற்ற இடத்திலிருந்து தொடங்குங்கோ. 44 ஆண்டு ஆண்டான், நீதி தவறாதவன் என்று மகாவம்சமே ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் புள்ளி துட்டகைமுனுவின் யானைக்குப் பக்கத்தில்தான் கிடக்கும்.

3. யாழ்ப்பாண இராச்சியத்தைக் கவனமாகப் புரட்டுங்கோ. விசிறிக் காற்றடித்தால் தாண்டிப் போய்விடும். 1619இல் போர்த்துக்கேயர் பிடித்தார்கள் என்றால் போதும். சங்கிலி குமாரனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்ற கதையைச் சொல்ல விடைத்தாளில் இடமிராது.

4. சுதந்திரம் எப்படி வந்தது என்று கேட்டால் டொனமூர், சோல்பரி என்று ஆணைக்குழுக்களை வரிசையாக எழுதுங்கோ. முழுச் சுயராச்சியம் வேண்டுமென்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931 தேர்தலையே பகிஷ்கரித்தது நினைவுக்கு வந்தால், பேனையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கோ.

5. பாஸ் பேப்பர் செய்ய யாழ்ப்பாணப் பொது நூலகம் நல்ல இடம். வெள்ளைக் கட்டடம், நல்ல காற்றோட்டம். 1981 யூன் 1ஆம் திகதி இரவு அங்கே 97,000 அளவில் நூல்கள் எரிந்தது ஏன், யார் எரித்தது என்று பக்கத்து மேசையைக் கேட்டு நேரத்தை வீணாக்காதேங்கோ.

6. இது பெற்றோருக்கு மட்டும். புத்தகம் விட்டதையெல்லாம் நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக் கொடுங்கோ. குரல் நடுங்கட்டும், நல்லது. ஆனால் மூன்று இடத்தில் இருமல் வரவேணும். கந்தரோடைத் தாதுகோபங்களை யார் கட்டினது, யார் கும்பிட்டது என்று பிள்ளை கேட்டால் முதலாவது இருமல். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் யாரை யார் மறித்து அடித்தது என்றால் இரண்டாவது. அப்பு அந்த நாள் எந்தப் பக்கம் நின்றவர் என்றும் கேட்டால், விக்கலும் சேரலாம். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி சோனகதெருச் சனத்துக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்து வெறுங்கையோடு வெளியேற்றினது ஆர் என்றால், இருமல் காணாது. இயக்கம் என்ற சொல் வாயில் வருமுன் "போய்ப் படி" என்று அதட்டுங்கோ.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால் பிள்ளைக்கு வரலாற்றில் இரண்டு புத்தகம் கிடைக்கும். ஒன்றைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சடிக்கிறது, மற்றதை நீங்கள் வாயால் நடத்துகிறீர்கள். முதலாவதில் விட்டதை எண்ணிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கினம். இரண்டாவதுக்குச் சோதினை இல்லை. ஆனபடியால் ஒருத்தரும் பிழை பிடிக்க மாட்டினம்.