கணக்கு நோட்டை எடுங்க, அண்ணாச்சி!

கேள்வி: தத்துவம் சோறு போடுமா?
– பலசரக்குக் கடைக்காரர், விருதுநகர்

பதில்: அது போடுமோ என்னவோ, தானிய மண்டி தத்துவத்துக்குச் சோறு போட்டிருக்கிறது. அர்ஜென்டினாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கோதுமை ஏற்றி அனுப்பிப் பெரும் பணம் சேர்த்தவர் ஹெர்மன் வைல். மகன் பெலிக்ஸ் மார்க்சியம் படித்துவிட்டு அப்பாவிடம் காசு கேட்டார். அப்பாவும் கொடுத்துத் தொலைத்தார். அப்படி 1923-ல் பிராங்பர்ட்டில் உருவானதுதான் சமூக ஆய்வு நிறுவனம். பின்னாளில் ஹார்க்ஹைமர், அடோர்னோ என்று முதலாளித்துவத்தை வறுத்தெடுத்தவர்கள் உட்கார்ந்து எழுதிய இடம் அதுதான். பருப்பு மண்டி முதலாளிமார் இந்தப் பக்கத்தைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் மடித்து வைத்துவிடுவது நல்லது.

கேள்வி: அதே 1923-ல் நம்ம பக்கம் ஏதாவது நடந்ததா?
– கல்லூரி மாணவி, திருத்தங்கல்

பதில்: நடந்ததே! கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தொழிலைத் தொடங்கினார்கள். விருதுபட்டி விருதுநகர் ஆனது. சென்னையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். தீக்குச்சி, செங்கொடி, பிராங்பர்ட் தத்துவம் மூன்றுக்கும் ஒரே வயது. ஒன்றுக்கொன்று அறிமுகமாகத்தான் ரொம்ப நாளாயிற்று.

கேள்வி: விமர்சனத் தத்துவம் என்கிறார்களே, எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?
– அரசுப் பள்ளி ஆசிரியர், வெம்பக்கோட்டை

பதில்: உங்கள் கையில் இருக்கும் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். பட்டாசுத் தொழில் சிவகாசியில் ஏன் வளர்ந்தது? மழை கம்மி, வெயில் அதிகம், மருந்து சீக்கிரம் காயும். முழு மதிப்பெண். ஆனால் அதே வெயில்தான் கிணற்றையும் கண்மாயையும் காயவைத்தது. விவசாயம் பொய்த்த கரிசல் காட்டில் வேறு வேலை கிடையாது. வேறு வேலை இல்லாத ஊரில் கூலியும் காய்ந்துதான் கிடக்கும். இந்த இரண்டாம் பாதி பாடத்தில் இல்லை. ஹார்க்ஹைமர் 1937-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் பிரித்துக் காட்டியது இதைத்தான்: உலகம் இப்படி இருக்கிறது என்று விளக்குவது ஒரு வகை, இப்படி இருப்பதால் யாருக்கு லாபம், கேள்வி கேட்கிற நான் அதில் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று சேர்த்துக் கேட்பது இன்னொரு வகை. தேர்வில் இரண்டாம் பாதியை எழுதும் பிள்ளைக்கு நீங்கள் மதிப்பெண் போடுவீர்களா என்பது என் எதிர்க்கேள்வி.

கேள்வி: மேடையில் பேசிய தத்துவம் எங்காவது தெருவில் இறங்கியிருக்கிறதா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அருப்புக்கோட்டை

பதில்: பஸ்ஸில் ஏறியே இருக்கிறது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். மனிதருக்குள் மேல் கீழ் இல்லை என்று அங்கே தீர்மானம் போடுவது சுலபம், கூட்டம் கைதட்டும். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவர் நாற்காலியில் அவர் செய்ததுதான் விசேஷம். உங்கள் ஊரெல்லாம் அப்போது அந்த ஜில்லாவில் இருந்தது. ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். பஸ் முதலாளிகள் சமத்துவம் பற்றி எத்தனை சொற்பொழிவு கேட்டிருந்தாலும் மனம் மாறியிருப்பார்களா, தெரியாது. லைசென்ஸ் என்றதும் கதவு திறந்தது. 1931-ல் மூன்றாவது சுயமரியாதை மாநாடு விருதுநகரிலேயே நடந்தது. அதே ஆண்டு பெரியாரின் ‘குடி அரசு’ கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் வெளியிட்டது. சென்னையின் பாண்டி பஜாரில் பேரம் பேசுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பாண்டி இந்தச் சௌந்தரபாண்டியன் என்று தெரியும்?

கேள்வி: எங்க முதலாளி வீட்டுப் பெரியவர், அந்தக் காலத்தில் கோயிலுக்குள்ளேயே விடாமல் நிறுத்தினார்கள் என்று கண் கலங்கிச் சொல்வார். நாங்கள் கூலி கேட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்பதில்லை. இது என்ன தத்துவம்?
– பேன்சி ரகத் தொழிலாளி, தாயில்பட்டி

பதில்: இந்த வாரத்தின் சிறந்த கேள்வி உங்களுடையது, அக்கா.

பெரியவர் சொல்வது உண்மை. நாடார்கள் கோயிலுக்குள் போகக் கேட்ட சண்டையில் 1899-ல் சிவகாசி பற்றி எரிந்தது. அவர்களின் கமுதிக் கோயில் நுழைவு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் தோற்றது. (அந்தக் காலத்தை நாவலாகப் படிக்க பூமணியின் ‘அஞ்ஞாடி’ இருக்கிறது. தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.) கோர்ட்டில் தோற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து அழவில்லை. கடைக்குக் கடை மகமை, வீட்டுக்கு வீடு பிடியரிசி என்று சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலை வழக்குக்கு முன்பே அப்படி வந்ததுதான். 1910-ல் நாடார் மகாஜன சங்கம், 1921-ல் தூத்துக்குடியில் வங்கி. ‘நாங்கள் ஏன் தாழ்வு?’ என்ற கேள்விக்குக் கல்லாப்பெட்டியும் கரும்பலகையும் வைத்துப் பதில் எழுதியவர்கள். அதை நான் மெச்சுகிறேன். மெச்சாதவர்களுக்கு வரலாறு தெரியாது.

நான்சி பிரேசர் என்ற அமெரிக்கத் தத்துவவாதி நீதிக்கு இரண்டு கால் என்று முதலில் சொன்னார்: மதிப்பு ஒன்று, பங்கு ஒன்று. உங்கள் முதலாளியின் தாத்தா முதல் காலுக்காகப் போராடி ஜெயித்தார். நீங்கள் இரண்டாவதைக் கேட்கிறீர்கள். இதைச் சாதிச் சண்டையாக்கிவிடப் பலர் தயாராக இருப்பார்கள், விடாதீர்கள். முதலாளியின் சாதிக்காரர்களே உங்களோடு உட்கார்ந்து திரி செருகுகிறார்கள், அவர்களுக்கும் அதே உருப்படிக் கூலிதான். பெரியவர் அடுத்த முறை கண் கலங்கும்போது, ஒரு ஆளாகப் போகாமல் சங்கமாகப் போய், அந்தக் கதையையே மறுபடி சொல்லச் சொல்லுங்கள். கதை முடிந்ததும் சம்பளக் கணக்கு நோட்டைக் கேளுங்கள்.

கேள்வி: பிஞ்சு விரல்தான் தீப்பெட்டி வேலைக்குத் தோது என்பார்களே?
– அங்கன்வாடிப் பணியாளர், சாத்தூர்

பதில்: விரல் சின்னது என்பதல்ல, கூலி சின்னது என்பதே தோது. விடியுமுன் கிராமம் கிராமமாக வந்து குழந்தைகளை அள்ளிப்போன ஆலை பஸ்களைப் பற்றி ஸ்மிது கோத்தாரி 1983-ல் எழுதினார். 1990-ல் சிவகாசியைப் பற்றி ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று சலம் பென்னூர்கர் ஆவணப்படம் எடுத்தார். எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. கட்டுரை, படம், வழக்கு, சத்துணவு, பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே பக்கம் தள்ளியபோதுதான் தேர் நகர்ந்தது. அப்போது பஸ்ஸில் போன குழந்தைகள் பலருக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். பெரியவர்களின் கூலி போதாமல்தான் குழந்தைகள் போனார்கள் என்ற பகுதி இன்னும் பாக்கி.

கேள்வி: டெல்லிக்காரர்கள் மூச்சு விடுவதற்காக நாங்கள் பட்டினி கிடக்க வேண்டுமா?
– சரவெடி பின்னும் தொழிலாளி, சிவகாசி

பதில்: பட்டாசுக்கு எதிராக 2015-ல் வழக்குப் போட்டவர்கள் மூன்று கைக்குழந்தைகள், அப்பாக்கள் மூலமாக. அந்தப் பிள்ளைகளின் நுரையீரல் மீது கோபப்பட முடியாது. உச்ச நீதிமன்றத்தின் 2018 அக்டோபர் தீர்ப்பில் பேரியத்துக்குத் தடை, சரவெடிக்குத் தடை, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி. பேரியம் போனால் பச்சை நிறம் போகும். சரவெடி போனால் பின்னுகிற உங்கள் கைக்கு வேலை போகும். தயாரிப்பாளர் பேசினார், வக்கீல் பேசினார், விஞ்ஞானி பேசினார். மருந்துத் தூசியை எல்லோருக்கும் முன்னால் சுவாசிக்கிற உங்கள் மூச்சைப் பற்றிப் பேச ஆள் இல்லை. டெல்லிக் குழந்தையும் நீங்களும் ஒரே கட்சி என்பது என் எண்ணம். வேலை போனவருக்கு மாற்று வருமானம் என்ன என்று இரு தரப்பும் சேர்ந்து கேட்டிருக்கலாம்.

கேள்வி: வெடி விபத்து நடந்தால் எப்.ஐ.ஆர். வரும் முன்பே ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று செய்தி வருகிறதே?
– போர்மேன், ஏழாயிரம்பண்ணை

பதில்: நீங்களே கணக்குப் பாருங்கள். ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். உருப்படிக் கூலி என்றால் வேகம்தான் சம்பளம். ஆர்டர் நெருக்கினால் மரத்தடியில் உட்காரவைப்பார்கள். நாக்பூர் வெடிபொருள் துறை தரும் லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும், அறைகள் உள்குத்தகையில் வேறு பலர் கையில். இத்தனையும் சேர்ந்த இடத்தில் கை தவறுகிறது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். உதவப் போனவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். அச்சங்குளத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் தர பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கடைசியாகக் கை வைத்தவரிடம் தொடங்கி, குத்தகைப் பணம் வாங்கியவர் வரை கோட்டைப் பின்னோக்கி இழுத்துப் பார்ப்பதுதான் விமர்சனச் சிந்தனை. கடைசிக் கையிலேயே கோட்டை நிறுத்திவிடுகிறவர்களுக்கும் ஒரு தத்துவம் இருக்கிறது. அது அவர்களுக்கு லாபமான தத்துவம்.

கேள்வி: தத்துவம் படித்தவர்கள் தொழிலாளிகளுக்கு வகுப்பெடுத்தால் என்ன?
– எம்.ஏ. தத்துவ மாணவர், மதுரை

பதில்: எடுக்கலாம். முதல் வகுப்பில் நீங்கள் மாணவராக உட்காருங்கள். 1990-களில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துக்குப் போன படித்தவர்கள் என்னென்ன கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு ச. தமிழ்ச்செல்வனின் ‘இருளும் ஒளியும்’ படியுங்கள்.

கேள்வி: சங்கரலிங்கனார் கேட்டது கிடைத்துவிட்டது அல்லவா?
– விருதுநகர் வாசகர்

பதில்: 1956-ல் 76 நாள் பட்டினி கிடந்து உயிரை விட்டார். வைத்த கோரிக்கை 12. அதில் ஒன்றான தமிழ்நாடு என்ற பெயர் 1969-ல் வந்தது. ரயிலில் எல்லோருக்கும் ஒரே வகுப்பு என்றும் கேட்டிருந்தார். விருதுநகர் ஸ்டேஷனில் அன்ரிசர்வ்டு பெட்டியைத் தேடி ஓடும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உங்கள் எழுத்து எங்களுக்குப் பிடிக்கும். தீபாவளிக்கு ஒரு கிப்ட் பாக்ஸ் அனுப்பலாமா?
– பட்டாசு ஆலை மேலாளர், சிவகாசி

பதில்: தாராளமாக. எம்.ஆர்.பி. ஸ்டிக்கர் தேவையில்லை, 80 சதவீதத் தள்ளுபடி விளம்பரம் பார்த்துப் பார்த்து அதில் நம்பிக்கை போய்விட்டது. அந்த இடத்தில் ஓர் அறைக்கு எத்தனை பேர், உருப்படிக்கு எவ்வளவு கூலி என்று அச்சடித்து அனுப்புங்கள். சரவெடி மட்டும் வைத்துவிடாதீர்கள், வம்பு.